வரைபடத்துக்கு முன் லைசன்ஸ்: திருகோணமலையிலிருந்து ஒரு மே ஹோங் சோன் பயணத் திட்டம்

திருகோணமலையில் விமானச் சீட்டு, விசா விண்ணப்பம், பயணக் காப்புறுதி என்று பேப்பர் வேலைகள் செய்துகொடுப்பது என் தொழில். கட்டாருக்கும் டுபாய்க்கும் வேலைக்குப் போகிறவர்கள், லண்டனில் பிள்ளை இருக்கிற தாய் தகப்பன்மார், சிதம்பரம் திருச்செந்தூர் என்று யாத்திரை போகிறவர்கள், இவர்கள்தான் வழக்கமாக வருவார்கள். வெளிநாட்டில் மோட்டார் சைக்கிளை வாடகைக்கு எடுத்து, வழிகாட்டி இல்லாமல் மலைப்பாதைகளில் சுற்றிவரப் போகிறோம் என்று வருகிறவர்கள் குறைவு. அப்படி வந்து, கடைசியில் தாய்லாந்தின் மே ஹோங் சோன் மலைகளுக்குப் போன மூவரின் கதை இது. அவர்கள் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் எழுதுகிறேன்.

ஒருவர் நகரில் கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக். இன்னொருவர் உப்புவெளியில் சின்னதாகத் தங்குவிடுதி நடத்துகிறார். மூன்றாமவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். மற்ற இருவரும் அவரிடம் படித்தவர்கள் என்பதால் இன்றைக்கும் அவர் அவர்களுக்கு "சேர்"தான். அவர்கள் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கும் அவர் சேர் ஆகிவிட்டார்.

2024 நடுப்பகுதியில் கடைக்கு வந்தபோது பாதி வேலை முடிந்த தோரணையில்தான் வந்தார்கள். வியட்நாமின் வடக்கில், சீன எல்லையோரம் இருக்கும் ஹா ஜியாங் மலைச்சுற்றுக்குப் போனில் பாதை போட்டு, எந்த இரவு எந்த ஊரில் என்றுகூடக் குறித்து வைத்திருந்தார்கள். விடுதியில் தங்கிய வெள்ளைக்காரப் பிள்ளைகள் காட்டிய படங்களில் விழுந்த ஆசை அது. ஏறக்குறைய 350 கிலோமீற்றர். குவான் பா, யென் மின், டொங் வான், மா பி லெங் கணவாய், கீழே பச்சையாக ஓடும் ஞோ கே ஆறு. 1959 இல் தொடங்கி 1965 வரை மலைச்சாதி மக்களும் இளைஞர் அணிகளும் பெரும்பாலும் கையால் வெட்டிய பாதை என்று சேர் அதன் வரலாற்றையும் படித்து வைத்திருந்தார். விசாவும் சிக்கலில்லை: 2023 ஓகஸ்ட் முதல் எந்த நாட்டவருக்கும் 90 நாள் இ-விசா தருகிறார்கள்.

நான் கேட்டது ஒன்றுதான். "லைசன்ஸ் கொண்டுவந்தீங்களா?"

ஹா ஜியாங் ஏன் நின்றது

வெளிநாட்டில் வாகனம் ஓட வேண்டுமானால் சொந்த நாட்டு லைசன்ஸோடு சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரமும் வேண்டும். இலங்கையில் அதைக் கொழும்பில் உள்ள ஓட்டோமொபைல் அசோசியேஷன் ஒஃப் சிலோன் தருகிறது. சாம்பல் நிற அட்டை போட்ட சின்னப் புத்தகம். பெரும்பாலானவர்கள் அதைத் திறந்து தங்கள் படம் சரியா என்று பார்ப்பதோடு சரி. பார்க்க வேண்டியது அட்டையில் இருக்கும் தேதி: 1949 செப்டெம்பர் 19. எந்த ஒப்பந்தத்தின் கீழ் அந்தப் புத்தகம் செல்லும் என்பதை அதுதான் சொல்கிறது.

உலகத்தில் இப்போது பெரிதாகப் புழங்குவது இரண்டு வீதிப் போக்குவரத்து ஒப்பந்தங்கள். ஒன்று 1949 இல் ஜெனீவாவில் செய்தது, மற்றது 1968 இல் வியன்னாவில் செய்தது. இலங்கை 1949 ஒப்பந்தத்தில் இருக்கிறது. வியட்நாம் 2014 இல் 1968 ஒப்பந்தத்தில் மட்டும் சேர்ந்தது. ஆகவே நம்முடைய புத்தகம் அங்கே சட்டப்படி வெறும் காகிதம். இந்தியாவின் புத்தகத்துக்கும் அதே கதிதான், அதுவும் 1949 வகை.

விடுதிக்காரருக்கு இதில் நம்பிக்கை வரவில்லை. "அங்க போற எல்லாரும் எடுத்து ஓடுறாங்களே?" என்றார். ஓடுகிறார்கள்தான். வாடகைக் கடைகளில் பல, லைசன்ஸைக் கேட்பதில்லை. பாஸ்போட்டை வாங்கி வைத்துக்கொண்டு சாவியைத் தந்துவிடும். கடைக்காரர் சாவி தருவதும் சட்டம் ஓட விடுவதும் வேறு வேறு. பொலிஸ் பிடித்தால் தண்டப்பணம். அதுவும் 2025 ஜனவரி முதல் ஏறிவிட்டது: 125 சிசி வரையான பைக்கை லைசன்ஸ் இல்லாமல் ஓடினால் 20 முதல் 40 லட்சம் டொங்.

தண்டத்தைக் கட்டிவிட்டுப் போகலாம். என் கவலை காப்புறுதி. செல்லுபடியாகும் லைசன்ஸ் இல்லாமல் ஓடி விழுந்தால் பயணக் காப்புறுதி ஒரு சதமும் தராது. மலையில் கால் முறிந்து, ஹனோய்க்குக் கொண்டுவந்து சத்திரசிகிச்சை செய்து, படுக்கையோடு கொழும்புக்கு அனுப்ப ஆகும் செலவு முழுவதும் வீட்டுக்காரர் தலையில். அதோடு வியட்நாமில் வீதியின் வலப்பக்கம் ஓட வேண்டும். நேரான பாதையில் பழகிவிடும். முடக்கில் எதிரே லொறி திடீரென்று வரும்போது கை தானாக இடப்பக்கம்தான் ஒடிக்கும். இதைச் சொன்னதும் மெக்கானிக் தலையாட்டினார். அது அவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டிய விஷயம் இல்லை.

சட்டப்படி போக வழியே இல்லை என்பதும் இல்லை. 50 சிசிக்குக் குறைந்த பைக்குக்கு அங்கே லைசன்ஸ் தேவையில்லை, ஆனால் அந்த ஏற்றங்களுக்கு அது இழுக்காது. ஹா ஜியாங்கிலேயே உள்ளூர் ஆட்கள் ஓட, நாம் பின்னால் இருந்து போகலாம். நிறையப் பேர் அப்படித்தான் போகிறார்கள், நல்ல ஏற்பாடும்கூட. சேருக்கு அது பிடித்திருந்தது. மெக்கானிக்கு இல்லை. "காசும் குடுத்து, இன்னொருத்தன் முதுகைப் பாத்துக்கொண்டு வாறதுக்கு நான் ஏன் வியட்நாம் போகணும் மச்சான்?"

தாய்லாந்து வந்த வழி

இந்த இழுபறிக்குள்ளேயே 2024 ஜூலை 15 வந்தது. அன்றிலிருந்து 93 நாட்டவர் விசா இல்லாமல் உள்ளே வரலாம் என்று தாய்லாந்து அறிவித்தது. பட்டியலில் இலங்கையும் இருந்தது. விசா தேவையில்லை என்பதற்காக மட்டும் நான் அதைச் சிபாரிசு செய்யவில்லை. தாய்லாந்து 1949 ஒப்பந்தத்தில் நெடுங்காலமாக இருக்கிறது, நமது சாம்பல் புத்தகம் அங்கே செல்லும். வீதியிலும் இடப்பக்கம்தான். இந்த இரண்டும் சேர்ந்து கிடைக்கும் மலை நாடு நமக்குப் பக்கத்தில் அதிகமில்லை.

வடமேற்கில், மியன்மார் எல்லையை ஒட்டி மே ஹோங் சோன் சுற்று இருக்கிறது. சியாங் மாயில் தொடங்கி அங்கேயே முடியும், ஏறக்குறைய 600 கிலோமீற்றர். அதில் 1,864 வளைவுகள் என்று கணக்குச் சொல்லி, முடித்தவர்களுக்குச் சான்றிதழ்கூடக் கொடுக்கிறார்கள். விடுதிக்காரர் அந்தச் சான்றிதழில் மயங்கிவிட்டார். சரி, ஆளுக்கு ஒரு காரணம்.

அப்புறம்தான் லைசன்ஸ்களை மேசையில் வைக்கச் சொன்னேன். மெக்கானிக்கிடம் எல்லா வகுப்பும் இருந்தது. சேரிடம் ஏ இருந்தது. விடுதிக்காரரின் அட்டையில் காரும் முச்சக்கர வண்டியும் மட்டும்! உப்புவெளிக்குள் மீனுக்கும் மரக்கறிக்கும் வருடக்கணக்காக ஸ்கூட்டரில் போய்வருகிற மனிதர். இலங்கையில் 100 சிசி வரை ஏ1, அதற்கு மேல் ஏ. உள்ளூர் அட்டையில் இல்லாத வகுப்பு சர்வதேசப் புத்தகத்தில் வராது. மோட்டார் சைக்கிளுக்கான இடத்தில் முத்திரை இல்லாத புத்தகத்தைக் கொண்டுபோய் பைக் ஓடினால், புத்தகமே இல்லாமல் ஓடுவது போலத்தான்.

ஏ வகுப்பைச் சேர்க்க அவர் விண்ணப்பித்து, ஓட்டப் பரீட்சைக்கு நாள் கிடைத்து, புது அட்டை கைக்கு வரும்வரை மூவரும் காத்திருந்தார்கள். திட்டத்தில் ஆக நீளமாக இழுத்தது இதுதான். புத்தகம் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும் என்பதால் மற்ற இருவரையும் முந்திக்கொண்டு எடுக்க வேண்டாம் என்று நிறுத்தி வைத்தேன்.

காப்புறுதி வரைந்த பாதை

தாய்லாந்தில் ஒவ்வொரு வாகனத்துக்கும் கட்டாயக் காப்புறுதி உண்டு. பைக் வாடகைக் கடைகள் "இன்சூரன்ஸ் இருக்கு" என்று சொன்னால் பெரும்பாலும் இதைத்தான் சொல்கின்றன. அது ஆட்களின் காயத்துக்கு மட்டும்: வைத்தியச் செலவு அதிகபட்சம் 80,000 பாத், மரணம் அல்லது நிரந்தர ஊனத்துக்கு 500,000 பாத். பைக்குக்கு ஏற்படும் சேதம் அதில் வராது. தனியார் ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவுக்குச் சத்திரசிகிச்சை என்றால் 80,000 வெகுநேரம் தாங்காது.

ஆகவே பயணக் காப்புறுதி தனியாக வேண்டும். எந்தப் பொலிசியிலும் முன்பக்கத்தில் இருக்கும் பெரிய தொகையை விட்டுவிட்டு, பின்னால் உள்ள விலக்குகளை முதலில் படியுங்கள். மோட்டார் சைக்கிள் பற்றி அங்கே வழக்கமாக வருவன: ஓடுகிறவரிடம் அந்த நாட்டில் செல்லும் லைசன்ஸ் இருக்க வேண்டும், தலைக்கவசம் போட்டிருக்க வேண்டும், குடித்திருக்கக் கூடாது, என்ஜின் இத்தனை சிசிக்கு மேல் போகக் கூடாது. சிலவற்றில் எல்லை 125 சிசி. சிலவற்றில் மோட்டார் சைக்கிளே கிடையாது, மேலதிகமாகக் கட்டினால்தான் சேர்ப்பார்கள். தார் போடாத பாதையில் விழுந்தால் பொறுப்பில்லை என்று எழுதியிருப்பவையும் உண்டு.

பாதையின் வடிவம் உண்மையில் இங்கேதான் முடிவானது. மெக்கானிக் போனில் குறித்து வைத்திருந்த மண்பாதைகள் இரண்டு அடிபட்டன. மிஞ்சிய கிராமத்துப் பாதைகள் எல்லாம் ஒடுக்கமானவை, செங்குத்தானவை, ஆனால் தார் போட்டவை. 300 சிசி வரை ஏற்கும் பொலிசி ஒன்று கிடைத்தது. வாயால் சொன்னதை ஏற்காமல், இன்ன நாடு, இன்ன என்ஜின், இன்ன லைசன்ஸ், ஏற்பீர்களா என்று ஈமெயிலில் கேட்டுப் பதிலை அச்சடித்து மூவர் கையிலும் கொடுத்தேன். சேருக்கு அறுபது தாண்டிவிட்டதால் கட்டணம் கூடியது. மனுசன் முணுமுணுத்துக்கொண்டே கட்டினார்.

எந்த பைக்

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி அப்போது இன்னும் திறக்கவில்லை. நம்மூரில் பைக் என்றால் ஒட்டி ஒட்டி ஓடும் பல்சரும் டியோவும்தான் இருந்தன. ஆகவே சியாங் மாய் கடைகளின் பட்டியலைப் பார்த்ததும் மூவருக்கும் கண் விரிந்தது. மெக்கானிக் உடனே ஹொண்டா சிஆர்எஃப் 300எல் என்றார். மற்ற இருவரும் ஆமாம் போட்டார்கள்.

நான் இதில் வாய் வைக்கவில்லை, அவரே பிறகு திருத்திக்கொண்டார். சிஆர்எஃப்பின் இருக்கை உயரம் 880 மில்லிமீற்றர். கராஜில் மரக்கட்டைகளை அடுக்கி, ஒரு பழைய பைக்கின் இருக்கையை அந்த உயரத்துக்கு ஏற்றிச் சேரை இருக்கச் சொன்னார். சேரின் பெருவிரல் நுனிகூட நிலத்தில் படவில்லை. ஓடும்போது உயரம் பிரச்சினை இல்லை. சாய்வான மலைப்பாதையில் நிறுத்திக் காலை ஊன்றும்போதுதான் ஆள் சரிவது. சேர் இளமையில் ஹொண்டா சி90 வைத்திருந்தவர். அதன் பேரன் என்று சொல்லத்தக்க வேவ் 125 தாய்லாந்தில் எங்கும் கிடைக்கும்: கிளச் லீவர் இல்லை, ஆனால் நான்கு கியர் உண்டு, பாதத்தால் மாற்றலாம், இருக்கை தாழ்வு.

விடுதிக்காரருக்குத் தன் டியோ மாதிரி ஓட்டோமெட்டிக் ஸ்கூட்டர்தான் வேண்டும். அதைப் பேசித் தீர்க்க முடியவில்லை. மலையில் ஓடித்தான் தீர்த்தார்கள்.

பதினெட்டு வளைவு

திருகோணமலையில் ஏற்றம் என்றால் கோணேசர் கோயில் ஏற்றமும் ஓர்ஸ் ஹில்லும்தான். ஹபரணை வரைக்கும் ரூலர் வைத்துக் கோடு போட்ட மாதிரி பாதை. இப்படி ஓடிப் பழகிய கையோடு 1,864 வளைவுக்குப் போகக்கூடாது என்பதில் மெக்கானிக் பிடிவாதமாக நின்றார். ஆகவே ஒரு கிழமை முடிவில் மூவரும் தங்கள் சொந்த பைக்குகளில் ஹபரணை, பொலன்னறுவை, மகியங்கனை என்று போய், அங்கிருந்து கண்டிப் பாதையில் பதினெட்டு வளைவு என்று பெயர்பெற்ற கொண்டை வளைவுகளில் ஏறினார்கள். நானும் ஒரு வேனில் பின்னால் போனேன்.

ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. மேலே பிளேன்ரீ குடித்துவிட்டு இறங்கினோம். பாதி வழியில் விடுதிக்காரர் கையைக் காட்டி ஓரம் கட்டினார். பக்கத்தில் போனபோதே கருகிய மணம். முன் பிரேக் லீவரைப் பிடித்தால் மெத்தென்று கைப்பிடி வரைக்கும் வந்தது, பிடிமானமே இல்லை. மெக்கானிக் பைக்கைத் தொடவில்லை. தண்ணீர் ஊற்றப் போனவரையும் தடுத்து, ஆறவிட்டுவிட்டு விளக்கம் சொன்னார். ஓட்டோமெட்டிக் ஸ்கூட்டரில் அக்சிலேற்றரை முழுக்க விட்டு வேகம் குறைந்ததும் உள்ளே இருக்கும் கிளச் தானாகக் கழன்றுவிடும். அதற்குப் பிறகு என்ஜின் வண்டியைப் பிடிக்காது. முழுப் பாரமும் பிரேக்கில். கியர் வண்டியில் இரண்டாம் கியருக்கு இறக்கிவிட்டால் என்ஜினே இழுத்துப் பிடிக்கும், பிரேக்கை வளைவுக்கு முன் தொட்டால் போதும். சொல்லிவிட்டுச் சேரின் பழைய வண்டியை விடுதிக்காரரிடம் கொடுத்து, மிச்சம் இருந்த வளைவுகளை அதில் இறங்கச் சொன்னார். கீழே வந்ததும் விடுதிக்காரர் கேட்டது, "சியாங் மாயில இன்னொரு வேவ் கிடைக்குமா?"

அன்றைக்கு இன்னொன்றும் பழகினார்கள். வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தையும் கியரையும் முடித்துவிட வேண்டும். இடப்பக்க ஓரத்தை விட்டு நடுக்கோட்டுக்குப் போகக்கூடாது. சியாங் மாய்க்கும் பாய் என்ற ஊருக்கும் இடையே ஓடும் மினி வேன்கள் வளைவை வெட்டிக்கொண்டு வருவதில் பேர்போனவை.

காலமும் கிலோமீற்றரும்

எப்போது போவது என்பது சுலபமாக அமைந்தது. உப்புவெளியில் சீசன் மே முதல் செப்டெம்பர் வரை. மாரி தொடங்கினால் விடுதியில் ஆள் இல்லை. நமக்கு மாரி அடிக்கும் மாதங்கள்தான் வட தாய்லாந்தில் வறண்ட, குளிர்ந்த காலம். ஆனால் பெப்ரவரி போகப் போக அங்கே வயலையும் காட்டையும் எரிக்கத் தொடங்குவார்கள், ஏப்ரல் வரை மலை முழுக்கப் புகை. இரண்டுக்கும் நடுவில், 2025 தைப்பொங்கல் கழிந்த கையோடு என்று வைத்தோம்.

தூரக் கணக்குக்குத்தான் மூவரோடும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 260 கிலோமீற்றர், அதை ஒரே மூச்சில் ஓடுகிற ஆட்கள். மே ஹோங் சோனிலிருந்து பாய்க்கு 110 கிலோமீற்றர் என்றதும், காலைச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும் என்றார்கள். அந்த 1095 ஆம் பாதையில் மணிக்கு முப்பத்தைந்து, நாற்பது கிலோமீற்றர் போனால் அதுவே நல்ல வேகம். நின்று பார்க்கும் நேரம், சாப்பாடு, மழைக்கோட்டு மாற்றும் நேரம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 150 கிலோமீற்றருக்கு மேல் வைக்க வேண்டாம் என்று முடிவானது.

இன்னொரு பழக்கத்தையும் விட வைத்தோம். நம்மாட்கள் தூரப் பயணம் என்றால் விடிய நாலு மணிக்கு வெளிக்கிடுவார்கள். அங்கே தையில் காலை ஒன்பது மணி வரைக்கும் பள்ளத்தாக்குகளில் மூடுபனி, தார் ஈரம், வளைவில் எதிரே வருவது தெரியாது. ஒன்பதுக்குப் பிறகு தொடங்குவது, இருட்டுமுன் அறைக்குள் போவது. ஹபரணை – கந்தளாய்ப் பாதையில் யானைக்குப் பயந்து இருட்டுமுன் வீடு சேரும் பழக்கம் இருந்ததால் இரண்டாவது பாதி அவர்களுக்கு லேசாக இருந்தது.

குளிரை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. பாதையில் வரும் தோய் இந்தனோன் தாய்லாந்தின் ஆக உயர்ந்த மலை, 2,565 மீற்றர். நமது பிதுருதலாகலை 2,524. இந்த ஒரு ஒப்பீட்டைச் சேர் சொன்ன பிறகுதான் மற்ற இருவரும் நுவரெலியாவில் ஜக்கெட் வாங்க ஆள் அனுப்பினார்கள்.

கடைசியில் நின்ற பாதை இப்படி: சியாங் மாயிலிருந்து 108 இல் தெற்கே சொம் தொங், அங்கிருந்து 1009 இல் தோய் இந்தனோன் ஏற்றம், மறுபக்கம் 1192 இல் மே சேம் பள்ளத்தாக்கு. மே சேமிலிருந்து 1263 என்ற கிராமத்துப் பாதையில் குன் யுவாம். மறுபடி 108 பிடித்து மே ஹோங் சோன். அப்புறம் 1095 இல் பாங் மஃபா, பாய், சியாங் மாய். பிரதான சுற்றில் தெற்கே மே சாரியாங் வரை போய் வருவதை வெட்டி, நடுவே மலைக்குக் குறுக்காகப் போவது. எல்லாரும் போகும் பாதையை விட வாகனம் குறைவு.

பெற்றோல் கணக்கைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டி வாரத்துக்கு 4 லீற்றரில் பைக் ஓடிய நாட்டு ஆட்கள். சிஆர்எஃப்பின் தாங்கி 7.8 லீற்றர், வேவ் அதிலும் சின்னது. பாதி இறங்கினாலே நிரப்புவது என்று எழுதி வைத்தார்கள்.

போனபோது

சியாங் மாயில் பைக் எடுத்த காலையை மெக்கானிக் எனக்கு வீடியோவாக அனுப்பியிருந்தார். கடைக்காரப் பெண் பொறுமையாக நின்றதைப் பாராட்ட வேண்டும். முதலில் ரயரின் பக்கச் சுவரில் இருக்கும் நாலு இலக்கத்தைத் தேடுகிறார். முதல் இரண்டு எத்தனையாவது கிழமை, கடைசி இரண்டு எந்த வருடம். 3018 என்றால் 2018 இன் முப்பதாவது கிழமை. ரயரின் மேற்பரப்புப் பூ எவ்வளவு இருந்தாலும் அந்த வயதில் ரப்பர் இறுகியிருக்கும், ஈரத்தில் பிடிக்காது. சேருக்குக் காட்டிய வேவின் பின் ரயர் அப்படித்தான் இருந்தது, வேறு வண்டி கேட்டு மாற்றினார்கள். அடுத்து, முன் சில்லை நிலத்திலிருந்து தூக்கி ஹாண்டிலை மெதுவாக இரு பக்கமும் திருப்பி, நடுவில் எங்காவது சிக்குகிறதா என்று பார்க்கிறார். சிக்கினால் பேரிங் போய்விட்டது. செயின் தொய்வு, பிரேக் கட்டைகளின் தடிப்பு, இரண்டு பிரேக்கையும் தனித்தனியே பிடித்து வண்டியைத் தள்ளிப் பார்ப்பது. கடைசியில் வண்டியை ஒரு சுற்று நடந்து எல்லாக் கீறலையும் படம் பிடிக்கிறார், கடைக்காரப் பெண்ணும் படத்தில் விழும்படி.

முற்பணமாகப் பாஸ்போட் கேட்டார்கள். கொடுக்கவில்லை. காசு வைத்து, பிரதியைக் கொடுத்தார்கள். எல்லைப்புற மாகாணம் என்பதால் வழியில் சோதனைச் சாவடிகள் உண்டு, ஆஸ்பத்திரியிலும் பாஸ்போட்தான் முதலில் கேட்பார்கள். அதைக் கடை லாச்சிக்குள் விட்டுவிட்டு மலைக்குப் போகக்கூடாது. இதற்குச் சம்மதிக்காத கடையை விட்டு அடுத்த கடைக்குப் போவதே சரி என்பது என் எண்ணம்.

1263 இல் விழுந்தது மெக்கானிக்! மூவரில் ஆக நன்றாக ஓடுகிறவர். திருத்த வேலை நடந்த இடத்தில், வளைவுக்கு நடுவே பரவிக் கிடந்த சல்லியில் முன் சில்லு நழுவி, நடக்கிற வேகத்தில் சரிந்தார். முழங்காலில் உராய்வு, கிளச் லீவர் வளைந்துவிட்டது. அவர் எடுத்துப்போன கருவிப் பையில் உதிரி லீவர் தவிர எல்லாம் இருந்தது. வளைந்த லீவரோடு மெதுவாகக் குன் யுவாம் சேர்ந்து, வீதியோர கராஜ் ஒன்றில் நிமிர்த்திக்கொண்டார்கள். அங்கிருந்த மெக்கானிக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. நம்மவருக்குத் தாய்லாந்து மொழி தெரியாது. லீவர் சூடேறி நிமிர்ந்துகொண்டிருந்தபோது இருவரும் சிஆர்எஃப்பின் வால்வ் இடைவெளி பற்றி விரலால் காட்டிக் காட்டித் தர்க்கித்துக்கொண்டிருந்ததாக விடுதிக்காரர் சொன்னார்.

அந்த நிறுத்தம் சேருக்கு வாய்ப்பாக அமைந்தது. குன் யுவாமில் தாய்லாந்து – ஜப்பான் நட்புறவு நினைவகம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் முடிவில் பர்மாவிலிருந்து பின்வாங்கிய ஜப்பானியச் சிப்பாய்கள் இந்த வழியாக வந்து, பலர் நோயிலும் பசியிலும் இங்கேயே செத்தார்கள். அவர்கள் விட்டுப்போன தலைக்கவசங்களும் தண்ணீர்க் குப்பிகளும் அங்கே வைக்கப்பட்டிருக்கின்றன. 1942 ஏப்ரல் 9 அன்று திருகோணமலையில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டதையும், சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கி ஒன்று எரிந்ததையும் வகுப்பில் வருடா வருடம் சொன்னவர் அவர். திட்டத்தில் ஒரு மணித்தியாலம் போட்டிருந்த இடத்தில் பின்னேரம் முழுக்க இருந்தார். அன்றிரவு மே ஹோங் சோன் போகாமல் குன் யுவாமிலேயே தங்கினார்கள். முன்பதிவு செய்த அறை ஒன்றுக்குக் காசு போனது. நாளைக்கு 150 என்று தளர்வாக வைத்திருந்ததால் மற்றக் கணக்கு எதுவும் குழம்பவில்லை.

1263 இன் உச்சிப் பக்கம் காட்டுச் சூரியகாந்தி மலை முழுக்க மஞ்சளாகப் பூக்கும் என்று படங்களில் பார்த்திருந்தார்கள். அது நவம்பரில். தையில் போனவர்கள் பார்த்தது காய்ந்த செடி.

பாயிலிருந்து சியாங் மாய் இறங்கும்போது பொலிஸ் மறித்தது. வரிசையில் நின்ற வெளிநாட்டுப் பிள்ளைகள் சிலர் தண்டம் கட்டிக்கொண்டிருந்தார்கள். விடுதிக்காரரின் புத்தகத்தைப் பொலிஸ்காரர் வாங்கி, படம் உள்ள பக்கத்தைத் திறந்து, ஏ என்ற இடத்தில் முத்திரை இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னாராம். அதை அவர் என்னிடம் சான்றிதழைக் காட்டும்போது சொன்னார், சான்றிதழை விட அதைப் பெரிதாக.

பைக்கைத் திருப்பிக் கொடுத்தபோது லீவருக்குக் காசு பிடித்தார்கள், அது நியாயம். பக்கவாட்டில் இருந்த பழைய கீறல் ஒன்றையும் கணக்கில் சேர்க்கப் பார்த்தார்கள். முதல் நாள் வீடியோவைக் காட்டியதும் விட்டுவிட்டார்கள்.

இப்போது போகிறவர்களுக்கு

அவர்கள் போய்வந்த பிறகு ஒன்று மாறியிருக்கிறது. 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் போகும் எல்லா வெளிநாட்டவரும், விசா தேவையோ இல்லையோ, வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பலாம். விசா இல்லாமல் எத்தனை நாள் என்பதையும் சீட்டுப் போடும் முன் மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாடு அதை அடிக்கடி மாற்றும். வருகை அட்டைக்குக் கட்டணம் எதுவும் கிடையாது. காசு கேட்கும் தளம் எதிரே வந்தால், அது தாய்லாந்துக் குடிவரவினுடையது இல்லை, மூடிவிட்டு வேறு தேடுங்கள்.